கூண்டேறிய கண்மாய்

வக்கீல் உடையப்பன் சட்டசபைக்குப் போனதற்கு அவருடைய மேடைப் பேச்சுதான் காரணம் என்று கட்சிக்காரர்கள் சொல்வார்கள், சாதிக் கணக்குதான் காரணம் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வார்கள், தன் மீசைதான் காரணம் என்று அவரே நம்பிக்கொண்டிருந்தார். ஆனால் கோட்டைமங்கலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற யாரைக் கேட்டாலும், நொச்சியேந்தல் கண்மாய் முன்சீப் கோர்ட்டுக்கு நடந்து வந்து கூண்டில் ஏறிச் சாட்சி சொன்ன அன்றைக்கே அவர் எம்.எல்.ஏ. ஆகிவிட்டார், தேர்தல் எல்லாம் அப்புறம் நடந்த சம்பிரதாயம் என்றுதான் சொல்வார்கள்.

அதற்கு முன்னால் அவர் எல்லா வக்கீலையும் போல ஒரு வக்கீல். கோர்ட் வாசல் வேப்பமரத்தில் ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டு, ஒரு கையால் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே மறு கையால் கட்சிக்காரரின் முதுகைத் தட்டி, "பயப்படாதீங்க, வாய்தா வாங்கிரலாம்" என்பார். வரப்புச் சண்டை, ஜீவனாம்சம், வாடகைக்கு வந்தவன் காலி செய்யாத வழக்கு என்று பிழைப்பு ஓடியது. பிறந்த ஊர் பக்கத்து நொச்சியேந்தல்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்கா ராக்கு. அவள் உள்ளூரிலேயே வாக்கப்பட்டு, கண்மாய்த் தண்ணீரை நம்பிக் கொஞ்சம் நெல்லும் மிளகாயும் போட்டு, ஒரு எருமையை வைத்துக்கொண்டு, வாரந்தவறாமல் தூக்குவாளியில் அயிரை மீன் குழம்போடு பஸ் ஏறி வந்து, கட்சிக்காரர்கள் சூழ நிற்கிற தம்பியிடம் "ஏண்டா இப்படி எளைச்சுப் போயிட்டெ" என்று கேட்டு மானத்தை வாங்குவாள். அது அவருக்குப் பிடிக்கும் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கண்மாய் வழக்கும் அக்கா கொண்டு வந்ததுதான். செங்கல் சூளை முதலாளி பாலசிங்கம் எங்கிருந்தோ ஒரு பட்டாவை வாங்கி வந்து, கண்மாயின் மேற்குப் பாதி தன்னுடைய புஞ்சை, அங்கே தண்ணீர் நின்றதே கிடையாது என்று மண்ணை வெட்டிச் சூளை போட்டுக்கொண்டிருந்தார். ஊரில் அவர் சூளையில் கல் அறுக்காத வீடு இல்லை; அதனால் உடையப்பன் கூண்டில் ஏற்றிய ஆள் ஒவ்வொருவரும் ஏறியதும் தெரியாது என்று சொல்லிவிட்டு இறங்கினார். அக்காவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"மனுசப்பயலுக எல்லாம் பல்டி அடிச்சிட்டாங்கெ. அந்தத் தண்ணியவே கூப்பிட்டுக் கேக்கச் சொல்லுடா. அது எங்கன நின்னுச்சுன்னு அதுக்குத் தெரியாதா?" என்றாள்.

உடையப்பன் சிரித்தார். சிரித்தவர், வேறு சாட்சி யாரும் கிடைக்காத எரிச்சலில், சாட்சிப் பட்டியலின் கடைசியில் நொச்சியேந்தல் கண்மாய் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த மாதம் ஓய்வு பெறவிருந்த முன்சீப் எதைக் கொடுத்தாலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்ததால் சம்மன் புறப்பட்டது. சாட்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்று கண்ட கோர்ட் அமீனா, வழக்கம்போலச் சம்மனை மடைக்கல்லில் ஒட்டி, தண்டோரா போட்டுவிட்டு வந்தார்.

வாய்தா நாளில் டவாலி வாசலில் நின்று மூன்று தடவை கூப்பிட்டார். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது ஈரமண் வாசனை வந்தது. பின்னாலேயே கண்மாய் வந்தது. காலையிலேயே கிளம்பி, ரோட்டோரமாகவே ஊர்ந்து, ரயில்வே கேட்டில் பால் வேனுக்குப் பின்னால் பொறுமையாக நின்று, கேட் திறந்த பிறகு வந்திருக்கிறது. எதிரே வந்தவர்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழி விட்டிருக்கிறார்கள். மேலே நாரைகள், உள்ளே கெண்டையும் விராலும், நடுவிலே கரையேற மனசில்லாமல் கூடவே வந்துவிட்ட அக்காவின் எருமை. கண்மாய் படியேறி, வராந்தாவையும் ஹாலையும் முழங்கால் அளவுக்கு நிறைத்து, தன்னில் ஒரு பங்கைத் திரட்டிக் கூண்டுக்குள் ஏற்றி நிறுத்தியது. முன்சீப், கோர்ட்டுக்குள் சத்தம் போடக் கூடாது என்று தவளைகளிடம் மட்டும் சொல்லிவிட்டு, விசாரணையை ஆரம்பிக்கச் சொன்னார்.

"பெயர்?"

"நொச்சியேந்தல் கண்மாய்." மடை திறந்தால் வருகிற சத்தம்தான், ஆனால் எல்லோருக்கும் புரிந்தது.

"தகப்பனார் பெயர்?"

"மழை."

"வயசு?"

"ஊருக்கு மூப்பு."

"தொழில்?"

"நிக்கிறது."

டைப்பிஸ்ட் தட்டிக்கொண்டே வந்தார். உடையப்பன் தொண்டையைச் செருமி, பாலசிங்கத்தின் சூளை இருக்கிற மேற்குப் பக்கத்தில் உங்கள் தண்ணீர் நின்றிருக்கிறதா என்று கேட்டார்.

"நின்னிருக்கு. கார்த்திகையில வந்தா தை வரைக்கும் இடுப்பளவு நிக்கும். ராக்கோட எருமை அங்கனதான் படுக்கும்" என்றது கண்மாய். கூட்டத்தில் நின்றிருந்த அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாலசிங்கத்தின் வக்கீல் செபஸ்தியான் எழுந்து, குறுக்கு விசாரணைக்கு அவகாசம் வேண்டும் என்றார். முன்சீப் வாய்தா கொடுத்துவிட்டு உள்ளே போனார். நொச்சியேந்தல் ஆட்கள் உடையப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு பஜாரைச் சுற்றக் கிளம்பினார்கள். அங்கேதான் அவர் பிசகினார். பாதி விசாரித்த சாட்சியிடம், அழைத்து வந்த வக்கீல்தான் போய், "இப்ப போயிட்டு வாய்தா அன்னைக்கு வாங்க" என்று சொல்ல வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது எழுதியிருக்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் கிராமத்துச் சாட்சி சாயங்காலம் வரைக்கும் கைகட்டிக் கூண்டிலேயே நிற்பான் என்று எல்லா வக்கீலுக்கும் தெரியும். தோளில் உட்கார்ந்திருந்த உடையப்பன் அதை மறந்துவிட்டார், கண்மாயும் போகவில்லை.

நினைவு வந்து அவர் போய்ச் சொல்வதற்குள் பழைய முன்சீப் ஓய்வு பெற்று, புதியவர் வந்து உட்கார்ந்திருந்தார். பாதி விசாரணையில் இருக்கும் சாட்சி கோர்ட்டின் பொறுப்பு, குறுக்கு விசாரணை முடியாமல் ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது என்று அவர் உத்தரவு போட்டார். எருமையை மட்டும், அது சாட்சியில்லை என்பதால், அக்கா ஓட்டிக்கொண்டு போனாள்.

கோட்டைமங்கலம் இதையெல்லாம் சீக்கிரமே பழகிக்கொண்டது. வழக்குக் கட்டுகளை மாடிக்கு ஏற்றினார்கள். டைப்பிஸ்ட் மேசைமேல் சம்மணம் போட்டுத் தட்டினார், டவாலி அரைக்கால் சட்டைக்கு அனுமதி வாங்கினார், தவளைச் சத்தம் கூடுமா கூடாதா என்று வக்கீல் சங்கம் இரண்டாக உடைந்தது, தீர்ப்பு நகல்களில் பாசி வாசனை அடித்ததை யாரும் குறையாகச் சொல்லவில்லை. முக்கியமான விஷயம் வேறு. அதுவரை சித்திரையில் குடத்துக்கு அடிதடி நடந்த டவுனில் கிணறுகள் எல்லாம் ஊறின. கோர்ட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் கை எட்டுகிற ஆழத்தில் தண்ணீர் நின்றது. தண்ணீர் லாரிக்காரர் லாரியை விற்றுவிட்டு மீன் வலை வாங்கினார். பெண்கள் உடையப்பன் போகும்போது கையெடுத்துக் கும்பிட்டார்கள், மனிதர் முதலில் கூச்சப்பட்டு, பிறகு கூச்சம் விட்டு, பிறகு கும்பிடாதவர்களைக் கவனிக்க ஆரம்பித்தார்.

கட்சி அவரைத் தேடி வந்தது. கண்மாயைக் கூண்டில் ஏற்றிய கைகள் என்று சுவரெல்லாம் எழுதினார்கள். நொச்சியேந்தலில் ஓட்டுக் கேட்கப் போனபோது, வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள்ளேயே மேடை போட்டு, "ஜெயிச்சு வந்த கையோட கண்மாய் உங்க ஊர்ல நிக்கும்" என்றார். அப்படிச் சொன்னபோது அவர் பொய் சொல்லவில்லை. ஊர் மொத்தமும் அவருக்கே போட்டது.

ஜெயித்த மறுநாள் மாலையோடு வந்தவர்களில் பாலசிங்கமும் இருந்தார். அந்த வாரமே கட்சியிலும் சேர்ந்தார். மாவட்டச் செயலாளர் உடையப்பனைத் தனியாக அழைத்துப் போய், டவுன் ஓட்டு எத்தனை, நொச்சியேந்தல் ஓட்டு எத்தனை, நீங்களே கூட்டிப் பாருங்க என்றார். "கண்மாய் திரும்பிப் போச்சுன்னா டவுன் கெணறு வத்தும். கெணறு வத்துனா நீங்களும் நானும் வத்திருவோம். கேஸ் அது பாட்டுக்குக் கெடக்கட்டும் வக்கீலே. யாரு தோத்தா இப்ப?" கேஸ் கிடந்தது. வாய்தாவுக்கு வாய்தா செபஸ்தியான் எழுந்து அவகாசம் கேட்பார். ஆட்சேபணை உண்டா என்று கேட்டால் உடையப்பனின் ஜூனியர் இல்லை என்பார்.

தண்ணீர் இல்லாத கண்மாயை நொச்சியேந்தலும் ஒரு விதமாகப் பழகிக்கொண்டது. காலை பஸ்ஸில் ஊரே கோட்டைமங்கலம் வந்து, கோர்ட் வராந்தாவில் துணி துவைத்து, குழந்தைகளைக் குளிப்பாட்டி, குடத்தோடு மாலை பஸ்ஸில் திரும்பியது. கோர்ட் விடுமுறையில் மீன்பிடித் திருவிழா நடத்த ஊத்தாக் கூடைகளோடு வந்து இறங்கியபோதுதான் முதல் தகராறு. "இது எங்க கோர்ட்டு மீன். நீங்க யாரு?" என்று டவுன்காரர்கள் கேட்டார்கள். திருவிழாவுக்குக் கொண்டு வந்திருந்த சாமி படத்தையும் காலிக் கூடைகளையும் தூக்கிக்கொண்டு நொச்சியேந்தல் ஊர் திரும்பியது. அடுத்த வருஷம் யாரும் கூடை எடுக்கவில்லை.

அக்கா எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு வந்து, மனுக் கொடுக்க வந்தவர்களோடு உட்கார்ந்திருப்பாள். தூக்குவாளியில் குழம்பு இருக்கும், ஆனால் அயிரை இருக்காது, கடைக் கருவாடு.

"நீ ஒண்ணும் பெருசா செய்ய வேணாம் தம்பி. கோர்ட்டுல எந்திரிச்சு, இன்னைக்கே விசாரிங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு."

"சொல்றேன்க்கா. இந்தக் கூட்டத்தொடர் முடியட்டும்."

"எத்தனை தொடருடா முடியும்? ஊருக்குப் பொண்ணு குடுக்க மாட்டேங்கிறாங்கெ. பாதி வீடு திருப்பூருக்குப் போயிருச்சு. எருமைய வித்துட்டேன், தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. அவர் வெட்கப்பட்டார். வெட்கத்தை மறைக்க உதவியாளரைக் கூப்பிட்டு, அக்காவுக்குக் கறவை மாட்டுக் கடனுக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார்.

"மாட்ட எங்கடா குளிப்பாட்ட?" என்றாள் அக்கா. கேலியாகச் சொல்லவில்லை; பதில் வரும் என்று கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாம் முறையும் ஜெயித்த பிறகு மந்திரிசபை மாற்றம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தது. மாவட்டத்துக்கு ஒரு மந்திரி உண்டு, அது உடையப்பன்தான், ஒரே ஒரு காரியம் பாக்கி என்றார்கள். நொச்சியேந்தலில் கண்மாய் இருந்த காலி இடத்தில் புதிய பேருந்து நிலையம் வர வேண்டும். பாதி இடம் பாலசிங்கம் பட்டா காட்டியது, மீதி அரசுடையது. சட்டசபையில் வேறு மாவட்டத்து உறுப்பினர் ஒருவர் எழுந்து, அது கண்மாய் அல்லவா என்று கேட்டுவிட்டார். உடையப்பன் எழுந்து, சம்பந்தப்பட்ட இடத்தில் நீர்நிலை எதுவும் இல்லை என்று பதில் சொன்னார். வக்கீல் புத்தியால் அதை ஒரு தடவை புரட்டிப் பார்த்து, சொன்னதில் தப்பில்லை, தண்ணீர் இப்போது கோர்ட்டில்தானே இருக்கிறது என்று தேற்றிக்கொண்டார். மேசைகள் தட்டப்பட்டன. மறுநாள் பேப்பரில் அது வந்தபோது அக்கா வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

இத்தனை வருஷமும் கண்மாய் நின்றுகொண்டேயிருந்தது. யாரும் அதனிடம் எதுவும் கேட்கவில்லை, ஆனால் அது எல்லாவற்றையும் கேட்டது. பாகம் பிரிக்கிற அண்ணன் தம்பி சொன்னதை, கடன் வாங்கவே இல்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யத் தயாரானவர் சொன்னதை, கட்டிய மனைவியைப் பார்த்ததே இல்லை என்று ஒருவர் சொன்னதை, அதைக் கேட்டுக்கொண்டு வக்கீல்கள் தலையாட்டியதை, தினமும், காலை முதல் மாலை வரை. கேன்டீன் சாம்பார் சாதம் தின்று கெண்டைகள் ஊதிப்போயின. நாரைகள் எப்போதோ வேறு ஊர் பார்த்துப் போய்விட்டன. நீதிபதி உள்ளே வரும்போது அலையடங்கி நிற்க அது பழகியிருந்தது.

அப்போதுதான் மாற்றலில் ஒரு பெண் நீதிபதி வந்தார். முதல் நாளே சேலைக் கரை நனைய உட்கார்ந்து வழக்குக் கட்டைப் பார்த்தவர், ஒரு சாட்சியை இத்தனை வருஷம் நிறுத்தி வைத்திருப்பது கோர்ட்டுக்கே அவமானம் என்று சொல்லி, இதுதான் கடைசி வாய்தா என்று நாள் குறித்தார். வக்காலத்து உடையப்பன் பெயரில் இருந்ததால் அவரே வர வேண்டும் என்றார். பீரோவிலிருந்து கறுப்பு அங்கியை எடுத்துப் போட்டபோது தோள் இறுக்கியது. மாவட்டச் செயலாளர் காரில் கூடவே வந்தார். "உள்ள போயி நின்னுட்டு வந்திருங்க. கேள்வி கீள்வி ஒண்ணும் வேணாம். வெள்ளிக்கிழமை பதவியேற்பு" என்றார்.

கோர்ட் வாசலில் டவுன்காரர்கள் கடையடைத்துவிட்டு, தண்ணீர் எங்கள் உரிமை என்ற தட்டியோடு நின்றார்கள். உள்ளே, தண்ணீருக்குள், நொச்சியேந்தலில் மிஞ்சியிருந்தவர்கள் வேட்டியையும் சேலையையும் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார்கள். அக்கா முன்வரிசையில் இருந்தாள். கண்மாயைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

செபஸ்தியானுக்கு நரை விழுந்திருந்தது. குறுக்கு விசாரணை என்று எழுந்து, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "உங்க சொந்த ஊர் எது?" என்றார்.

கண்மாய் நீதிபதி பக்கம் பார்த்து அலையடங்கி நின்றது. பிறகு, "கோட்டைமங்கலம்" என்றது.

செபஸ்தியான் தன் காதை நம்பாமல் ஒரு அடி முன்னால் வந்தார். "நொச்சியேந்தல் மேற்குப் பக்கம் உங்க தண்ணி எப்பவாவது நின்னிருக்கா?"

"ஞாபகம் இல்லைங்க ஐயா."

சொன்ன விதம் அத்தனை பணிவாக இருந்தது. பாலசிங்கமே ஒரு நிமிஷம் தலையைக் குனிந்துகொண்டார். நொச்சியேந்தல் கிழவர் ஒருவர், "ஆத்தா, நாங்கதான் வந்திருக்கோம்" என்று சொல்லிப் பார்த்தார். டவாலி அவரை அமைதியாக இருக்கச் சொன்னார்.

"வாதி தரப்பில் மறு விசாரணை உண்டா?" என்று நீதிபதி கேட்டார்.

உடையப்பன் எழுந்தார். கேட்க வேண்டிய கேள்வி நாக்கிலேயே இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அவர் நல்ல வக்கீல்தான். சாட்சியின் நினைவு எங்கே ஒளிந்திருக்கிறது, எந்தப் பெயரைச் சொன்னால் வெளியே வரும் என்று அவருக்குத் தெரியும். ராக்குவைத் தெரியுமா என்று கேட்டால் போதும். கண்மாய் திரும்பிப் பார்க்கும், முன்வரிசையில் நிற்கிறவளைப் பார்க்கும், அவள் காலைத் தழுவும், எருமை படுத்த இடத்தையும் இடுப்பளவுத் தண்ணீரையும் சொல்லும். அப்புறம் அது ஊர் போய்ச் சேரும். அப்புறம் சட்டசபையில் அவர் சொன்னது பொய்யாகும், டவுன் கிணறுகள் வற்றும், வெள்ளிக்கிழமை வேறொருவர் மந்திரியாவார். அவர் அக்காவைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்துத் தலையை அசைத்தாள், பள்ளிக்கூட மேடையில் திருக்குறளை மறந்துபோய் நின்ற சிறுவனைப் பார்த்து அசைத்தாளே, அதே போல, சொல்லுடா, ஒனக்குத் தெரியும்.

"இல்லை" என்றார் உடையப்பன்.

"சாட்சி போகலாம்."

கண்மாய் கூண்டிலிருந்து இறங்கியது. ஹாலிலிருந்தும் வராந்தாவிலிருந்தும் தன்னைக் கூட்டிக்கொண்டு, படியிறங்கி, வாசலுக்கு வந்து, வலது பக்கம் பார்த்தது, இடது பக்கம் பார்த்தது. நொச்சியேந்தல் ஜனங்கள் மேற்கு ரோட்டில் ஓடி நின்றுகொண்டு, வா ஆத்தா, இப்படி வா என்று கையை நீட்டினார்கள். டவுன்காரர்கள் குடங்களை வைத்துக்கொண்டு மறித்துப் பார்த்தார்கள். அது இரண்டு பேரையும் தெரியாதவர்களைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, கிழக்கே பள்ளமாக இருந்ததால் கிழக்கே இறங்கியது. சாயங்காலத்துக்குள் உப்பளங்களைத் தாண்டிக் கடலுக்குள் போய்விட்டது என்று, பின்னாலேயே சைக்கிளில் போனவர்கள் வந்து சொன்னார்கள். அந்த வாரமே கோட்டைமங்கலத்துக் கிணறுகளிலும் வாளி தரையில் மோதியது.

அதெல்லாம் பிறகு. அப்போது கோர்ட் படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். வடிந்துபோன சேறு அவள் பாதத்தில் காய்ந்துகொண்டிருந்தது. உடையப்பன் அங்கியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். கார் படியை ஒட்டி நின்றது, மாவட்டச் செயலாளர் உள்ளிருந்து கதவைத் திறந்து பிடித்திருந்தார். இவள் திட்டுவாள், திட்டி முடித்ததும் அழுவாள், அழுது முடித்ததும் மன்னிப்பாள் என்றுதான் உடையப்பன் நினைத்தார். அவருடைய வாழ்க்கையில் இதுவரை அப்படித்தான் நடந்திருந்தது. இரண்டு படி மேலேயே நின்று, "அக்கா" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கையை ஊன்றி எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, சுவரோரமாக ஒதுங்கினாள்.

"வழியில உக்காந்துட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். "நீங்க போங்க."